‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று சொன்ன கடை

எனக்குப் பிடித்த ஆண்கள் ஆடைக் கடை ஒன்றை மூடிவிட்டார்கள். திவால் ஆகவில்லை, கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்கவும் இல்லை. நடத்தி வந்தவர் போதும் என்று முடிவு செய்தார், சரக்கைத் தீர்த்தார், சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்தார். அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் அங்கே வாங்கிப் பழகியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் புலம்பினார்கள். ஆன்லைன் தின்றுவிட்டது, வாடகை ஏறிவிட்டது, இப்போதுள்ள பையன்களுக்கு நல்ல துணி எது என்றே தெரியவில்லை. இதிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் இந்தப் புலம்பலில் எனக்குத் திருப்தி இல்லை. அப்படி ஒரு கடை ஏன் தாக்குப்பிடிக்க முடியாமல் போகிறது என்பதும் அதில் இல்லை, அதோடு சேர்ந்து எது போகிறது என்பதும் இல்லை.

துணி எங்கேயும் போய்விடவில்லை. அதே ஆலையின் துணி, அதே வெட்டு, அதே காலர் வைத்த சட்டை எல்லாம் இன்றைக்கும் கிடைக்கும், தேடினால் இன்னும் மலிவாகவே கிடைக்கும். இனிமேல் கிடைக்காதது, “இது உங்களுக்கு வேண்டாம்” என்று சொல்கிற ஆள்.

அந்தக் கடைக்காரர் அதை நாசூக்காகச் சொல்ல மாட்டார். நீங்கள் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கொண்டிருப்பீர்கள். பின்னால் வந்து நின்று, “கழட்டிடுங்க தம்பி” என்பார். ஏன் என்று கேட்டால் பிடரியைத் தொட்டுக் காட்டுவார். கோட்டின் காலர் சட்டைக் காலரோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் விரல் போகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் அந்தக் கோட் வேறு யாருடைய முதுகுக்கோ வெட்டியது. இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட்டில் உள்ளே தையலுக்கு விட்ட துணி இருந்தால் இடுப்பை விரிக்கவும் செய்யலாம். தோளில் மட்டும் கை வைக்கக் கூடாது. தோளைத் திருத்த வேண்டும் என்றால் கையைப் பிரிக்க வேண்டும், பெரும்பாலும் காலரையும் பிரிக்க வேண்டும். அதற்கு ஆகும் கூலிக்கு வேறு கோட் பார்ப்பது நல்லது. இதைச் சொல்லிவிட்டு, கையில் இருந்த ஒரே விற்பனையையும் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார்.

துணி விஷயத்திலும் இதே கதைதான். கம்பளித் துணியில் சூப்பர் 100, சூப்பர் 150 என்று போட்டிருப்பார்கள். இழை எவ்வளவு மெல்லியது என்பதற்கான அளவு அது. சூப்பர் 100 என்றால் இழை அதிகபட்சம் 18.75 மைக்ரான், சூப்பர் 150 என்றால் 16.25. எண் ஏற ஏற விலையும் ஏறும், தொட்டால் வழுக்கும். கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பெரிய எண்ணைத்தான் கேட்பார்கள். இவர் கேட்கிற முதல் கேள்வி, தினமும் உடுத்தவா, வருஷத்துக்கு நாலு தடவை உடுத்தவா என்பது. தினமும் என்றால் பெரிய எண்ணைக் காட்டவே மாட்டார். மெல்லிய இழை சீக்கிரம் கசங்கும், பேன்ட்டில் தொடை உரசுகிற இடத்தில் சீக்கிரம் தேயும். லாபம் அதிகமுள்ள துணியைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை.

பின்பக்கம் ஒரு சின்ன அறையில் தையல்காரர். அவர் பேன்ட்டுக்கு அளவு வைப்பதைப் பார்ப்பதற்காகவே போகலாம். எந்த ஷூவோடு போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு வரச் சொல்வார். பர்ஸ், போன், சாவிக்கொத்து எல்லாம் வழக்கமாக எந்தப் பையில் இருக்குமோ அங்கேயே இருக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கனத்தில் இடுப்பு கொஞ்சம் இறங்கும். நின்ற பிறகு குனிந்து காலைப் பார்க்கக் கூடாது. குனிந்தால் உடம்பு முன்னால் சாய்ந்து அளவு மாறிவிடும். அதனால் வாசலைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு முழங்காலை ஊன்றி, வாயில் கவ்வியிருக்கும் குண்டூசிகளில் ஒன்றை எடுத்து வலது காலில் குத்துவார். இடது காலுக்குத் தனியாக இன்னொரு அளவு. பலருக்கு இரண்டு காலும் ஒரே நீளமாக இருக்காது, தோளும் அப்படித்தான், ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். இந்த வேலைக்கு அந்தக் கடையில் தனி பில் கிடையாது. விற்ற துணியின் விலைக்குள்ளேயே அது அடக்கம்.

இங்கேதான் சிக்கலே. தேர்ந்தெடுத்துக் கொடுப்பது, வேண்டாம் என்று தடுப்பது, குண்டூசி குத்துவது எல்லாம் உழைப்பு. ஆனால் அதற்கான காசு துணி விற்றால்தான் வரும். ஆலோசனையைக் கடையில் வாங்கிக்கொண்டு துணியை வேறிடத்தில் வாங்க முடியும் என்று ஆனதும், அந்தக் காசு வருகிற வழி அடைபட்டுவிட்டது. போட்டுப் பார்த்து, அளவைத் தெரிந்துகொண்டு, உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களைக் கடைக்காரர் தடுத்ததே இல்லை. “நாளைக்குக் கையைக் குறைக்க இங்கேதானே வரணும்” என்பார். வந்தார்கள். கையைக் குறைக்க மட்டும் வந்தார்கள்.

சரி, ஆன்லைனைத் திட்டியாயிற்று. ஆனால் இணையம் வருவதற்கு முன்பே இந்த வியாபாரத்துக்குள் ஒரு கணக்கு உட்கார்ந்திருந்தது. கடை நடத்தாதவர்களுக்கு அது கண்ணில் படாது.

ஒரு கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு 36 முதல் 46 வரை, இரட்டைப்படை எண்கள் மட்டும் என்றால் ஆறு. ஒவ்வொன்றிலும் ஷார்ட், ரெகுலர், லாங் என்று மூன்று நீளம். ஆக 18 கோட். நீலத்தில் ஒன்று, சாம்பலில் ஒன்று வேண்டும் என்றால் 36 கோட். இத்தனையும் அளவுக்கு ஒன்றே ஒன்று வைத்தால்தான். கடைக்குள் வருகிறவர் கண்ணுக்கோ அது வெறும் இரண்டு கோட். “ரெண்டே ரெண்டு மாடல்தான் வச்சிருக்கீங்களா?” என்று கேட்பார். சட்டைக்கும் இதே கதி. காலர் 14½ முதல் 17½ வரை அரை அங்குல வித்தியாசத்தில் ஏழு அளவு, கை நீளத்தில் இரண்டு என்று வைத்தாலே ஒரு நிறத்துக்கு 14 சட்டை.

இதில் நடு அளவுகள் முதலில் ஓடிவிடும். 40, 42 ரெகுலர் போனதும் 36 ஷார்ட்டும் 46 லாங்கும் கம்பியில் தொங்கும். தீர்ந்த அளவை மட்டும் திரும்பக் கேட்டால் தொழிற்சாலை பெரும்பாலும் தராது. அந்தத் துணியின் வெட்டு முடிந்திருக்கும், அடுத்த பருவத்து வேலையில் இறங்கியிருப்பார்கள். நூறு கிளை வைத்திருப்பவர் ஒரு கிளையில் தேங்கிய அளவை இன்னொரு கிளைக்கு அனுப்பிவிடுவார். இணையத்தில் விற்பவருக்கு ஒரே கிடங்கு, நாடு முழுக்க ஆட்கள், எங்கேயோ ஒரு 46 லாங் உடம்பு அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டிருக்கும். ஒற்றைக் கடைக்காரரோ அந்தத் தெருவில், அந்தப் பருவத்தில், அந்த நிறம் பிடித்த, அந்த அளவு உடம்பு உள்ள ஒருவர் நடந்து வரக் காத்திருக்க வேண்டும். வராமலே போகலாம்.

அடிபட்டுப் பழகிய கடைக்காரர் என்ன செய்வார்? ஓரத்து அளவுகளைக் குறைப்பார். அதுதான் புத்திசாலித்தனமும்கூட. ஆனால் ரொம்ப ஒல்லியானவர், ரொம்ப உயரமானவர், வயிறு பெருத்தவர் என்று எங்கேயும் சரியான அளவு கிடைக்காதவர்களுக்குத்தான் இந்த மாதிரிக் கடை அதிகம் தேவை. அவர்கள் ஒரு தடவை வந்து இல்லை என்று திரும்பினால் மறுபடி வர மாட்டார்கள். நடு அளவுக்காரருக்கோ எங்கே போனாலும் துணி பொருந்தும், இங்கேதான் வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால், இந்தக் கடைகளை உள்ளிருந்து அரித்தது இதுதான். வாடகை ஏறியது அதன் மேல் வந்த அடி.

இவர் ஒரு வழி கண்டுபிடித்துப் பார்த்தார். துணி மாதிரிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, அளவு எடுத்து, முன்பணம் வாங்கி, தொழிற்சாலைக்கு அனுப்பித் தைத்து வாங்குவது. சரக்கைத் தேக்க வேண்டாம், 46 லாங் பயம் இல்லை. கோட்டுக்கும் சூட்டுக்கும் அது நன்றாகவே ஓடியது. ஆனால் ஆண்களில் பாதிப் பேருக்கு விரலகலத் துணித்துண்டைப் பார்த்து முழுக் கோட்டைக் கற்பனை செய்ய வராது. வாரக்கணக்கில் காத்திருக்கவும் வராது. நாளை மறுநாள் ஒரு கல்யாணம் என்று வருகிறவர்தான் அதிகம்.

அடுத்தது காலண்டர். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பித்தி உவோமோ என்ற ஆண்கள் ஆடைக் கண்காட்சி 1972 முதல் நடக்கிறது, வருடத்துக்கு இரண்டு தடவை. ஜனவரியில் காட்டுவது அந்த வருடக் கடைசியில் வரும் குளிர்காலத்துக்கான சரக்கு, ஜூனில் காட்டுவது அடுத்த வருடக் கோடைக்கு. இந்தக் கடைக்காரர் அங்கே போனவர் இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க நல்ல துணி விற்கிற கடைகள் ஏறக்குறைய இந்தத் தாளத்தில்தான் ஓடுகின்றன. அரை வருடத்துக்கு முன்பே, மழை எப்படி இருக்கும், வெயில் எப்படி இருக்கும், ஜனங்கள் கையில் காசு இருக்குமா என்று எதுவும் தெரியாமல், சொந்தப் பணத்தை வைத்து ஆர்டர் கொடுக்க வேண்டும். அந்தச் சரக்கு விற்று முடிவதற்குள் அடுத்த ஆர்டர் வந்து நிற்கும்.

இதற்கு நடுவில் தள்ளுபடி. 50க்கு வாங்கிய பொருளை 100க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்கிறவருக்கு இது கொள்ளை மாதிரி தெரியும். அந்த 50இல்தான் வாடகை, கரண்ட், சம்பளம், பின்னறைத் தையல்காரர், விற்காமல் போன 46 லாங் எல்லாம். 30 சதவீதத் தள்ளுபடி போட்டால் விலை 70. கைக்கு வருவது 20. அதாவது விலையில் 30 சதவீதம் இறங்கினால் லாபத்தில் 60 சதவீதம் போய்விடுகிறது. முன்பெல்லாம் பருவம் முடிந்த பிறகுதான் தள்ளுபடி. இப்போது பருவத்தின் நடுவிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அதிலும் கொடுமை, அதை ஆரம்பிப்பது பல நேரம் சரக்கைக் கொடுத்த நிறுவனமேதான். யாருக்கும் தெரியாத பிராண்டாக இருந்தபோது இந்த மாதிரிக் கடைகள்தான் அலமாரியில் இடம் கொடுத்து, நாலு பேருக்கு எடுத்துச் சொல்லி, பெயர் வாங்கிக் கொடுத்தன. பெயர் வந்ததும் பிராண்ட் தன் சொந்த வலைத்தளத்தில் விற்கும், கடைக்காரரின் சரக்கு கம்பியில் தொங்கும்போதே விலையைக் குறைக்கும். இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயரும்.

உடை மாறியதும் ஒரு காரணம்தான். ஆனால் அதை நான் பெரிதாக்க மாட்டேன். லீவைஸ் நிறுவனம் டாக்கர்ஸ் என்ற தன் பருத்திப் பேன்ட்டை விற்பதற்காக, அலுவலகத்துக்குச் சாதாரண உடையில் எப்படி வரலாம் என்று ஒரு கையேடு போட்டு 1992இல் ஏறக்குறைய 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பிவைத்தது. 2019இல் கோல்ட்மன் சாக்ஸ் போன்ற பெரிய அமெரிக்க வங்கியே ஊழியர்களுக்கான உடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பிரிட்டனில் விலைவாசியைக் கணக்கிட வைத்திருக்கும் பொருள் பட்டியலில் இருந்து 2022இல் ஆண்கள் சூட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தனிக் கோட்டையோ பிளேசரையோ சேர்த்தார்கள். முப்பது வருடத்தில் படிப்படியாக நடந்த மாற்றம் இது, ஒரே நாளில் தலையில் விழுந்த இடி அல்ல. நல்ல கடைக்காரர்கள் கூடவே மாறினார்கள். இவரும் சூட்டைக் குறைத்து, காலர் வைத்த பின்னல் சட்டை, உள்ளே விறைப்புத் துணி வைக்காத லேசான கோட், மடிப்பு வைத்த பருத்திப் பேன்ட் என்று கொண்டுவந்தார். அவர் ரசனை கடைசி வரைக்கும் பழசாகவில்லை. ரசனை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் அந்தக் கடையின் கணக்கு நோட்டைப் பார்க்க வேண்டும்.

பெரிய பெயர்களும்தான் விழுந்தன. நியூயார்க்கில் 1923இல் ஆண்கள் சூட்டை மலிவாக விற்கும் ஒற்றைக் கடையாக ஆரம்பித்த பார்னீஸ், பிறகு ஆடம்பரக் கடையாக வளர்ந்து, 2019இல் திவால் மனு போட்டு, அடுத்த வருடம் கடைகளை மூடியது. 1818இல் தொடங்கிய அமெரிக்க ஆடை நிறுவனமான புரூக்ஸ் பிரதர்ஸ் 2020 ஜூலையில் திவால் பாதுகாப்புக் கேட்டது. ஆனால் புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெயரை வாங்க ஆள் இருந்தது, இன்றும் அந்தப் பெயரில் விற்பனை நடக்கிறது. ஒற்றைக் கடைக்கு அந்த வாய்ப்பு இல்லை. இந்தக் கடையின் பெயர்ப் பலகையை வாங்கி யாராவது மாட்டினால், “அவர் எங்கே?” என்றுதான் வருகிறவர்கள் கேட்பார்கள்.

மூடுவிழாத் தள்ளுபடி பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்படி மூடும் கடைகளுக்குச் சரக்கு தீர்த்துக் கொடுக்கிற ஏஜென்சிகள் உண்டு. பெரிய பெரிய போஸ்டர் ஒட்டுவார்கள், கூட்டம் சேர்ப்பார்கள், சில சமயம் அந்தக் கடையில் என்றைக்குமே இருந்திராத மட்டமான சரக்கையும் வெளியிலிருந்து கொண்டுவந்து கலந்து விற்பார்கள். இவர் அவர்களை உள்ளேயே விடவில்லை. பழைய வாடிக்கையாளர்களுக்கு முதலில் போன் போட்டுச் சொன்னார், அப்புறம்தான் கதவில் ஒரு தாளை ஒட்டினார். ஆனாலும் கூட்டம் வந்தது. வருடக்கணக்கில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் வந்து, கண் கலங்கி, மூன்று சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார்கள். மனுஷ சுபாவம்.

அந்தச் சந்தடியிலும் அவர் பழக்கத்தை விடவில்லை. ஒருவர் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோள் தொங்குகிற கோட் ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். “இதை நீங்க ஒரு தடவை போட்டுட்டு அலமாரியில் மாட்டிடுவீங்க, வேண்டாம்” என்று வாங்கித் திரும்ப மாட்டினார் இவர். மூடப் போகிற கடையில், திரும்பி வரவே முடியாத வாடிக்கையாளரிடம்! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது எதிர்பார்த்ததுதான். 36 ஷார்ட் சில, 46 லாங் சில, யாருக்கும் பிடிக்காத ஒரு பச்சை நிறம். ஹேங்கர், அளவு பொம்மை, நீராவி இஸ்திரி, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் விலை போயின. தைக்கக் கொடுத்த துணி ஒன்றுகூடப் பாக்கி இல்லை. முன்பணம் கொடுத்திருந்தவர்களுக்குத் துணியாகவோ பணமாகவோ போய்ச் சேர்ந்துவிட்டது. வியாபாரிகளைப் பற்றி ஆயிரம் சொல்கிறோம், இப்படி ஒரு பைசா பாக்கி இல்லாமல் இறங்கிப் போவது லேசான காரியம் இல்லை.

பிள்ளைகள் எடுத்து நடத்தியிருக்கக் கூடாதா என்று பலர் ஆதங்கப்பட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நமக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போய் நிற்க ஒரு நல்ல இடம் வேண்டும் என்பதற்காக, இன்னொரு வீட்டுப் பிள்ளை தன் சேமிப்பை 46 லாங்கில் முடக்க வேண்டுமா? அவரிடமே ஒருவர் இதைக் கேட்டார். “என் பொண்ணு வேற வேலையில நல்லா இருக்கா. அவளைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தி, என் முழங்கால் வலியையும் சேர்த்துக் கொடுக்கவா?” என்றார். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை இது என்பது வாங்குகிறவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

தையல்காரர் இப்போது வீட்டிலேயே இயந்திரம் போட்டுவிட்டார். திருத்த வேலை மட்டும் எடுக்கிறார், அதற்கு இப்போது தனிக் கூலி வாங்குகிறார். முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, இனிமேல் எங்கே வாங்குவது? என்னையே இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் ஒரு கோட்டை இணையத்தில்தான் வாங்கினேன். தோள் பொருந்தியது, கை மட்டும் நீளம். தையல்காரரிடம் கொடுக்கப் போன இடத்தில் கடைக்காரரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கேட்காமலேயே கோட்டை வாங்கி, கீழ்ப் பொத்தானுக்குப் பக்கத்தில் வெளித்துணியையும் உள்துணியையும் இரண்டு கையாலும் பிடித்து மெல்லப் பிரித்தார். நல்ல கோட் என்றால், உருவம் நிற்பதற்காக நடுவில் தைத்துப் பிடித்த கேன்வாஸ் துணி தனியாக நழுவுவது விரலுக்குத் தெரியும். பசை வைத்து ஒட்டியது என்றால் அது வெளித்துணியோடு ஒட்டிக்கொண்டு தடிப்பாக இருக்கும்.

“பசைதான். டிரை கிளீனிங்குக்கு அடிக்கடி போடாதீங்க, குமிழ் குமிழா எழும்பிடும்.” காலரைத் திருப்பிப் பார்த்தார். “காலர் பரவாயில்லை.”

“எடுத்தது சரிதானா?”

“நான் இருந்தா விட்டிருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, கை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தையல்காரரோடு வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்.